செலக்டர் வால்வு கசிகிறதா? சொந்தமாக விமானம் கட்டியவர்கள் கேட்கும் கேள்விகள்

காக்பிட் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை. தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், எந்த டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் வால்வுக்குக் கீழே நீலக் கறை. வீட்டிலோ ஷெட்டிலோ விமானம் கட்டியவர்கள் பலர் இந்தக் காட்சியை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். நானும் பார்த்தேன். என் முதல் வேலையே தப்பு: ஸ்பேனரை எடுத்து இறுக்கினேன். அதன் பலனைக் கீழே சொல்கிறேன். என்னிடம் மற்றவர்கள் கேட்டவையும், நான் அன்று யாரிடமாவது கேட்டிருக்க வேண்டியவையும்தான் இங்கே இருக்கின்றன.

வாடை லேசாகத்தான் வருகிறது. இந்த வாரம் பறந்துவிட்டு அடுத்த வாரம் பார்க்கலாமா?

கூடாது. இறக்கைக்கு அடியில், காற்றோட்டமான இடத்தில், ஒரு ரிவெட்டைச் சுற்றிக் கறை தெரிந்தால் அதைக் கண்காணித்தபடி சில நாள் ஓட்டுபவர்கள் உண்டு. மூடிய இடத்துக்குள் வரும் கசிவுக்கு அந்தச் சலுகை கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையில் தேங்கும். அந்தத் தரையில்தான் பூஸ்ட் பம்ப் (துணை மின்பம்ப்), சுவிட்சு, ஒயர் இணைப்பு எல்லாம் இருக்கின்றன. காற்றில் 1.4 சதவீதம் ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

பத்து விநாடிக்கு ஒரு சொட்டு என்பது கண்ணுக்கு ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். சுமார் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் மணிக்கு 18 மில்லிலிட்டர், ஒரு நாளில் 400 மில்லிலிட்டருக்கு மேல். அத்தனையும் நீங்கள் உட்காரும் இடத்தில்தான் ஆவியாகிறது.

கசிவது வால்வுதான் என்று எப்படி உறுதி செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பெட்ரோல் கசியும் இடத்தில் சொட்டாது. குழாயின் அடிப்பக்கமாக ஊர்ந்து, மிகத் தாழ்ந்த இடத்தைத் தேடிப் போய், அங்கிருந்துதான் விழும். பல விமானங்களில் காக்பிட்டுக்குள் அந்தத் தாழ்ந்த இடம் செலக்டர் வால்வு. அதனால் பழி எப்போதும் அதன் மேல் விழுகிறது.

வால்வைச் சுற்றி எல்லாவற்றையும் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு டால்கம் பவுடரையோ மெல்லிய சுண்ணப் பொடியையோ ஒரு தூரிகையால் தட்டி, எல்லா நட், எல்போ (வளைந்த இணைப்பு), தண்டு, மூடி மீதும் லேசாகப் படியவிடுங்கள். டேங்க் நிரம்பியிருக்கட்டும். கைப்பிடியை ‘இடது’ நிலையில் வைத்து, அடிக்கடி பார்த்தபடி ஒரு மணி நேரம் வரை பொறுங்கள். பிறகு ‘வலது’, பிறகு ‘ஆஃப்’. ஒவ்வொரு முறையும் சிறு கண்ணாடியைக் கீழே பிடித்து, தீப்பொறி வராத வகை டார்ச்சு அடித்துப் பாருங்கள். பொடி எங்கே முதலில் ஈரமாகிக் கருக்கிறதோ அதுதான் இடம். ஈரம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லாமே நனைந்திருக்கும், ஒன்றும் தெரியாது. முதல் ஈரத்தைப் பார்ப்பதுதான் இதில் முழு சூட்சுமமும்.

கசியக்கூடிய இடங்கள் நான்கு. குழாயின் பிளேர் (விரித்த வாய்) உட்காரும் நட். எல்போ வால்வுக்குள் நுழையும் பைப் மரை. கைப்பிடித் தண்டு வெளியே வரும் வாய். வால்வின் உடலும் மூடியும் சேரும் விளிம்பு. முதல் இரண்டும் வால்வின் குற்றமே அல்ல. என் விமானத்தில் அன்று கசிந்தது பிளேர் நட். வால்வில் ஒரு குறையும் இல்லை, நான் கைவைக்கும் வரை.

கறை நீலமாக இல்லை. அப்படியானால் பெட்ரோல் இல்லையா?

நீலம் என்பது 100எல்எல் விமானப் பெட்ரோலின் சாயம். கார் பெட்ரோல் ஊற்றினால் மஞ்சள் கலந்த பழுப்பாக, சற்றுப் பிசுக்காகக் கறை படியும். பிரேக் ஆயில் சிவப்பு. தொட்டால் வழுக்கும், ஆவியாகாது. மூக்கை நம்புங்கள், ஆனால் அரை மணி நேரம் காக்பிட்டில் இருந்த மூக்கை நம்பாதீர்கள். அதற்குள் அது பழகிப்போயிருக்கும்.

ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் ஏறும்போது எரிபொருள் பிரஷர் முள் ஆடுகிறது. வால்வுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கசிவுகளில் மோசமானது இதுதான், ஏனென்றால் இதில் ஆதாரம் எதுவும் தரையில் விழுவதில்லை.

இறக்கை கீழே உள்ள விமானங்களில் டேங்க் இன்ஜினைவிடத் தாழ்ந்த மட்டத்தில் இருக்கும். பம்ப் உறிஞ்சித்தான் பெட்ரோலை மேலே கொண்டுவர வேண்டும். ஆகவே இன்ஜின் ஓடும்போது டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள குழாய் முழுவதும், செலக்டர் வால்வு உட்பட, வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருக்கிறது. அந்த நிலையில் தண்டின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்திருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். நிறுத்திவைத்திருக்கும்போது டேங்கில் உள்ள மட்டம் வால்வைவிட உயரமாக இருந்தால் மட்டும் சொட்டும். டேங்க் பாதியானால் அதுவும் நின்றுவிடும். ‘தானே சரியாகிவிட்டது’ என்று நினைத்துக்கொள்வோம்.

பூஸ்ட் பம்பை ஓடவிட்டால் சரியாகாதா என்று கேட்பார்கள். பூஸ்ட் பம்ப் வால்வுக்குப் பிறகு இருந்தால் அதுவும் அதே ஓட்டை வழியாகக் காற்றை இன்னும் பலமாக இழுக்கும், அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி: தரையில் மட்டும், வால்வுக்கும் பம்புக்கும் நடுவே பெட்ரோல் தாங்கும் கண்ணாடிக் குழாய் போன்ற ஒளி ஊடுருவும் ஹோஸை ஒரு முழம் தற்காலிகமாகச் செருகுங்கள். பம்பின் வெளிவாயை ஒரு உலோக கேனுக்குள் விட்டு, பூஸ்ட் பம்பை ஓடவிடுங்கள். தொடக்கத்தில் வரும் குமிழ்கள் போய்விட்ட பிறகும் இடைவிடாமல் குமிழ் வந்தால் எங்கோ காற்று நுழைகிறது. அடுத்து வால்வைத் தவிர்த்து, வேறொரு கேனிலிருந்து நேராக அந்த ஹோஸுக்குப் பெட்ரோல் கொடுங்கள். குமிழ் நின்றால் குறை வால்விலோ அதற்கு முந்தைய குழாயிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் வால்வை விட்டுவிட்டு, ஹோஸைச் செருகிய இணைப்புகளைப் பாருங்கள். சோதனை முடிந்ததும் அந்த ஹோஸைக் கழற்றிவிடுங்கள், அதோடு பறக்கக்கூடாது.

இறக்கை கீழே உள்ள விமானங்களின் செலக்டரில் ‘இரண்டும்’ என்ற நிலை இல்லாததற்கும் இதே காரணம்தான். இரண்டு டேங்கையும் சேர்த்துத் திறந்து, ஒன்று காலியானால், பம்ப் எளிதாக வரும் காற்றைத்தான் இழுக்கும். மறு டேங்கில் பெட்ரோல் நிறைய இருக்க, இன்ஜின் நின்றுபோகும். இறக்கை மேலே உள்ள, ஈர்ப்பு விசையால் பெட்ரோல் இறங்கும் விமானங்களில் அந்த நிலையை வைக்கலாம்.

‘வலது’ நிலையில் வைத்துப் பறந்தாலும் இடது டேங்கில் மட்டம் குறைகிறது. வெளியே கசிவே இல்லை.

உள்கசிவு. வால்வுக்குள் ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்குப் பெட்ரோல் போகிறது. நிறுத்திவைக்கும்போது ஒரு இறக்கை சற்றுச் சாய்ந்திருந்தால், மறுநாள் தாழ்ந்த பக்கத்து டேங்க் காற்றுத் துளை வழியாக வழிந்திருப்பதைப் பார்க்கலாம். பறக்கும்போதோ, காலியான டேங்கின் பக்கமிருந்து காற்று கலந்து வரும்.

ஆனால் உங்கள் இன்ஜின் மிச்சப் பெட்ரோலைத் திருப்பி அனுப்பும் இன்ஜெக்ஷன் வகை என்றால் முதலில் திரும்பும் குழாயைப் பாருங்கள். அவ்வகையில் செலக்டர் இரண்டு அடுக்காக இருக்கும். எந்த டேங்கிலிருந்து எடுக்கிறதோ அதே டேங்குக்குத் திருப்பி அனுப்பும். மேலடுக்கு சரியாக இருந்து கீழடுக்கு கசிந்தாலோ, மாட்டும்போது குழாய்கள் இடம் மாறியிருந்தாலோ, ஒரு டேங்கிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஊற்றிக்கொண்டிருக்கும்.

‘ஆஃப்’ நிலையைச் சோதிப்பது எளிது. வால்வுக்குப் பிந்தைய குழாயை வடிகட்டிக் கிண்ணத்தருகே கழற்றி, டேங்க் நிரம்பியிருக்க, ‘ஆஃப்’பில் வைத்து அரை மணி நேரம் காத்திருங்கள். சொட்டு வரக்கூடாது. இன்ஜின் அறையில் தீப்பிடித்தால் நீங்கள் முதலில் கைவைக்கப்போவது இந்தக் கைப்பிடிதான். அன்று அது உண்மையாகவே மூட வேண்டும்.

என் வால்வு எந்த வகை என்று எனக்கே தெரியவில்லை.

கையால் கட்டிய விமானங்களில் மூன்று வகைகளை அதிகம் பார்க்கலாம். முதலாவது பித்தளைக் கூம்பு வால்வு: துளையிட்ட கூம்பு ஒன்று அதே வடிவக் குழிக்குள் ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். ரப்பர் கிடையாது அல்லது மிகக் குறைவு. உலோகமும் உலோகமும் உரசியே மூடும். இரண்டாவது, அனோடைஸ் செய்த அலுமினிய உடலுக்குள் சுழலும் பாகமும் ஓ-ரிங்குகளும் கொண்டது. புதிய விமானங்களில் இதுவே அதிகம். மூன்றாவது பந்து வால்வு. கைப்பிடியைத் திருப்பும்போது எண்ணெய் போட்ட மாதிரி ஒரே சீராக இறுக்கமாகச் சுற்றினால் கூம்பாக இருக்கலாம். ‘டிக்’கென்று ஒவ்வொரு நிலையிலும் உட்கார்ந்தால் உள்ளே ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கின்றன. அந்தக் குண்டு பின்னால் உங்களைப் படுத்தும்.

நட்டை இன்னும் கால் சுற்று இறுக்கினால் நிற்காதா?

நான் செய்தது அதுதான். கசிந்தது பிளேர் நட். நான் இறுக்கியது எல்போவை. வால்வின் உடலைத் தனி ஸ்பேனரால் பிடிக்காமல் எல்போவை மட்டும் திருகினேன். பைப் மரை கூம்பு வடிவமானது: 16 அலகு நீளத்துக்கு ஒரு அலகு பருமன் கூடும். இறுக்க இறுக்க அது ஆப்பு மாதிரி உள்ளே போய் வாயை அகட்டும். எல்போ நான் விரும்பிய திசைக்கு வர இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அந்தக் கொஞ்சத்தில் வாயருகே மயிரிழை போல ஒரு விரிசல் விட்டது. ஒரு நட்டில் முடிய வேண்டிய வேலை புது வால்வில் முடிந்தது. விரிசலை எபாக்சி வைத்து அடைக்கலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். அடைக்கக்கூடாது. பெட்ரோலும் அதிர்வும் சேர்ந்து அதைப் பெயர்த்துவிடும், பெயர்ந்த துண்டு வால்வின் உள்ளே போகும்.

பைப் மரையைக் கையால் இறுகும்வரை சுற்றி, பின் ஒன்றரை முதல் இரண்டு சுற்றுக்குள் திசை சரியாக வர வேண்டும். வராவிட்டால் வேறு எல்போவை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் சிறிது வித்தியாசமாக நிற்கும்.

பிளேர் நட் விஷயம் வேறு. அங்கே மூடுவது மரை அல்ல, குழாயின் விரிந்த வாய். 3/8 அங்குல மென் அலுமினியக் குழாய்க்கு 75 முதல் 125 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 8.5 முதல் 14 நியூட்டன்-மீட்டர் முறுக்கு போதும். 1/4 அங்குலத்துக்கு 40 முதல் 65. இந்த அளவிலும் கசிந்தால் இறுக்குவதை நிறுத்திவிட்டுக் கழற்றிப் பாருங்கள். பூதக்கண்ணாடியில் பிளேரின் உள்முகத்தில் வட்டமாகக் கீறலோ விளிம்பில் வெடிப்போ தெரியும். விமான ஃபிட்டிங்கின் கோணம் 37 டிகிரி, கார் வேலைக்கான பிளேர் கருவி பெரும்பாலும் 45 டிகிரி. இரண்டையும் கலந்தால் உலோகம் ஒரு கோட்டில் மட்டும் தொட்டு மூடும், பத்து மணி நேரத்தில் கசிவு திரும்ப வரும். கழற்றிய குழாய் தானாகவே ஃபிட்டிங்குக்கு நேராக வந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். இழுத்துப் பிடித்து மாட்ட வேண்டியிருந்தால் புதுக் குழாய் வளைப்பதுதான் வழி.

கழற்றும் முன் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பேட்டரி இணைப்பை எடுங்கள். விமானத்தை வெளியிலோ, கதவுகள் முழுதும் திறந்த ஹாங்கரிலோ வையுங்கள். டேங்கைத் தாழ்ந்த வடிகால் வழியாக வடியுங்கள். உலோக கேன், அதிலிருந்து விமானத்துக்கும் தரைக்கும் இணைப்புக் கம்பி. பிளாஸ்டிக் வாளியில் பெட்ரோல் விழும்போது நிலைமின்சாரம் சேரும், அதை வெளியேற்ற வழி இருக்காது. கண்ணாடியிழை விமானம் கட்டியவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், உடலே மின்சாரம் கடத்தாது.

வடித்த பிறகும் குழாயில் ஒரு கோப்பை அளவு மிச்சம் இருக்கும். முதல் நட்டைத் தளர்த்தியதும் கையில்தான் ஊற்றும். 100எல்எல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் இருக்கிறது, தோல் வழியே உடலில் சேரும். நைட்ரைல் கையுறை போடுங்கள். சிந்தியதை வாக்குவம் கிளீனரால் இழுக்க நினைக்காதீர்கள். உலர் பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஹாங்கரின் மறுகோடியில் அல்ல.

குழாய்களில் எது எங்கே என்று துணி டேப் ஒட்டி எழுதுங்கள், படமும் எடுங்கள். நினைவில் இருக்கும் என்று தோன்றும். இருக்காது.

பித்தளைக் கூம்பு வால்வைச் சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். இந்த வேலை எனக்குப் பிடித்தமானதும்கூட.

கூம்பும் குழியும் ஜோடி. கழற்றும் முன் இரண்டிலும் ஒரே நேராகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கூம்பை வெளியே எடுத்தால் சுற்றிலும் ஒரு கீறல் தெரியும்; அநேகமாக ஒரு துணுக்கு செய்த வேலை. அது எங்கிருந்து வந்தது? நீங்கள் டேங்க் கட்டும்போது விட்ட அலுமினியச் சீவல், கண்ணாடியிழைத் தூள், பெயர்ந்த டேங்க் சீலன்ட். டேங்கையும் முன்வடிகட்டியையும் சுத்தம் செய்யாமல் வால்வை மட்டும் சரிசெய்தால் அடுத்த துணுக்கு காத்திருக்கும்.

கூம்பின் மேல் பென்சிலால் மேலிருந்து கீழாக எட்டுப் பத்து கோடுகள் வரையுங்கள். குழிக்குள் வைத்து லேசாக அழுத்தி ஒருமுறை முன்னும் பின்னும் திருப்பி எடுங்கள். கோடு அழிந்த இடத்தில் உலோகம் தொடுகிறது, அழியாத இடத்தில் தொடவில்லை. மேலும் கீழும் முழு வளையமாக அழிந்திருந்து நடுவில் சின்னக் கீறல் மட்டும் என்றால் சுத்தம் செய்து, புது கிரீஸ் போட்டாலே நின்றுவிடலாம். ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் தேய்க்க வேண்டும்.

தேய்ப்பதற்கு மிக நுண்ணிய பசை வேண்டும். பித்தளை மென்மையானது, சாதாரண வால்வுப் பசையின் துகள்கள் அதில் பதிந்துகொண்டு பிறகு என்றென்றைக்கும் அரைத்துக்கொண்டே இருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்தத் தானே பொடிந்து வீரியம் இழக்கும் வகையை வாங்குங்கள். அரைச் சுற்று முன்னும் பின்னுமாக ஏழெட்டு முறை, தூக்கி, இடம் மாற்றி, மறுபடி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பென்சில் கோடு போட்டுப் பாருங்கள். ஆசை மிகுந்து தேய்த்துக்கொண்டே போனால் கூம்பு கீழே இறங்கும், அதன் துளை உடலின் துளைக்கு நேராக நிற்காது, வழி குறுகும். பிறகு எல்லாவற்றையும் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும் வரை திரும்பக் கழுவுங்கள்.

கிரீஸ் விஷயத்தில் வீட்டிலிருப்பதைப் போடக்கூடாது. சாதாரண கிரீஸைப் பெட்ரோல் கரைத்து வடிகட்டிக்குக் கொண்டுபோய்விடும். பெட்ரோலில் கரையாத, தேன் போலக் கெட்டியான விமான வால்வு கிரீஸ் தனியாக இருக்கிறது. அதையும் ஒரு படலம்தான். அள்ளிப் போட்டால் துளைக்குள் பிதுங்கும்.

ஓ-ரிங் வால்வு என்றால்?

தயாரிப்பாளர் ஓ-ரிங் தொகுப்பு விற்றால் அதையே வாங்குங்கள், மேலே யோசிக்க வேண்டாம். கழற்றும்போது மட்டும், முன்னே சொன்ன குண்டு: மூடியைத் திறந்ததும் ஸ்பிரிங்கும் குண்டும் பறந்துபோகும். வால்வை ஒரு பெரிய தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, கையையும் உள்ளே விட்டுத் திறங்கள். நான் முதல்முறை பை இல்லாமல் திறந்து, அன்று மாலை முழுவதும் காந்தத்தோடு தரையில் தவழ்ந்தேன்.

பழைய ஓ-ரிங்கைத் தூக்கி எறியாதீர்கள், அது சாட்சி. ஒரு பக்கம் தட்டையாகிவிட்டதா? வயது. ஊதிப் பெருத்து மென்மையாகிவிட்டதா? பெட்ரோலுக்குப் பொருந்தாத ரப்பர். கல் மாதிரி இறுகி வெடித்திருக்கிறதா? காய்ந்துபோனது அல்லது சாராயம் கலந்த பெட்ரோல். ஒரே இடத்தில் சீவினது போலிருக்கிறதா? மாட்டியவர் கூரான ஊசியால் வேலை செய்திருக்கிறார், அல்லது துளையின் விளிம்பு கூராக இருக்கிறது.

புதியதை மாட்டும்போது பித்தளை அல்லது பிளாஸ்டிக் ஊசியைப் பயன்படுத்துங்கள். தண்டில் கீறல் இருந்து மெருகிட வேண்டுமானால் சுற்றுவாக்கில் தேயுங்கள்; நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கோடும் பெட்ரோல் ஓடும் வாய்க்கால்.

எந்த ரப்பர் நல்லது? நைட்ரைலா வைட்டானா?

எந்தப் பெட்ரோல், எவ்வளவு குளிர் என்பதைப் பொறுத்தது. விமானப் பெட்ரோல் மட்டும் என்றால் நைட்ரைல் பல வருடம் உழைக்கும். எத்தனால் கலந்த கார் பெட்ரோலுக்கு வைட்டான் மேல், ஆனால் அதன் சாதாரண வகை மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வாக்கில் விறைத்துவிடும். குளிர்காலக் காலையில் மட்டும் கசியும் மர்ம வால்வுகளில் இதைத் தேடுங்கள். ஃபுளோரோசிலிக்கோன் அதைவிடக் கடுங்குளிர் தாங்கும், ஆனால் எளிதில் கிழியும். சுழலும் தண்டுக்குப் பொருந்தாது. பிரேக் ஆயிலுக்கான ஈபிடிஎம் ஓ-ரிங் பெட்ரோலில் ஊறி இட்லி மாவு மாதிரி உப்பும்.

விமான எண்ணில் வாங்கினால் ஒரு பொறி இருக்கிறது. எம்எஸ்29513 வரிசை பெட்ரோலுக்கு. எம்எஸ்28775 வரிசை ஹைட்ராலிக் எண்ணெய்க்கு. இரண்டும் கறுப்பு, அளவு எண்களும் ஒன்றே. உறையைக் கிழித்துப் போட்டுவிட்டால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. நிறமும் உதவாது, வைட்டானும் கறுப்பில் வருகிறது.

இன்னொன்று: பெட்ரோல் வகையை மாற்றினால் பழைய நைட்ரைல் சீல்கள் திடீரென்று கசியலாம். ஒருவகைப் பெட்ரோலில் ஊதியிருந்த ரப்பர் மற்றொன்றில் சுருங்குகிறது. பல மாதம் காலியாக நின்ற விமானத்திலும் இதுவே நடக்கும். நிரப்பிய பிறகு சிலசமயம் ஓரிரு நாளில் ஊறி நின்றுவிடும். நின்றாலும் மாற்றிவிடுங்கள் என்பேன்.

மரையில் டெஃப்லான் டேப் சுற்றலாமா?

வேண்டாம். அதன் இழை ஒன்று பிய்ந்து கார்புரேட்டர் ஜெட்டில் உட்காரும். கெட்டியாகாத, பெட்ரோல் தாங்கும் மரைப் பசையை பைப் மரையில், முதல் இரண்டு புரிகளை விட்டுத் தடவுங்கள். பிளேரில் எதுவுமே தடவக்கூடாது.

கசிவு நின்றுவிட்டது, ஆனால் கைப்பிடி இரண்டு கையாலும் திருப்ப முடியாத அளவு இறுக்கம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் பாடகர் ஜான் டென்வர் ஓட்டிய லாங்-ஈஸி விமானம் கடலில் விழுந்தது. அது பர்ட் ருட்டன் வடிவமைத்து, வேறொருவர் வீட்டில் கட்டி, கைமாறி வந்த விமானம். வரைபடத்தின்படி செலக்டர் கைப்பிடி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் காக்பிட்டுக்குள் பெட்ரோல் வேண்டாம் என்று வால்வைப் பின்னால் வைத்தார். கைப்பிடி விமானியின் இடது தோளுக்குப் பின்னால் போய்விட்டது, அடையாளக் குறி எதுவும் இல்லாமல். புறப்படும் முன் டென்வரும் ஒரு மெக்கானிக்கும் அது எட்டாமலும் இறுக்கமாகவும் இருப்பதைப் பற்றிப் பேசி, குறடு ஒன்றை மாட்டிக் கைப்பிடியை நீட்டிப் பார்த்திருக்கிறார்கள்; அப்படியும் எட்டவில்லை. பறக்கும்போது அதைத் திருப்ப முயன்று கவனம் சிதறியதில், தன்னையறியாமல் வலது ரட்டரை (வால் சுக்கானின் மிதியை) மிதித்துக் கட்டுப்பாட்டை இழந்தார் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. பெட்ரோல் நிரப்பாமல் கிளம்பியதையும் காரணமாகச் சொன்னது.

அந்தக் கட்டுநரின் பயம் நியாயமானது, கசிவைப் பற்றிய பயம்தான். ஆனால் கசியாத, எட்டாத வால்வு கசியும் வால்வைவிட ஆபத்தாக முடிந்தது. பெல்ட்டைக் கட்டி உட்கார்ந்து, கண் முன்னால் இருக்க, ஒரு கையால், தேடாமல் திருப்ப முடிய வேண்டும். முடியாவிட்டால் வேலை முடியவில்லை.

தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் பந்து வால்வு மலிவு. அதையே போடலாமா?

சிலர் போட்டிருக்கிறார்கள். தண்டு சீல் எந்த ரப்பர் என்று அதன் மேல் எழுதியிருக்காது, ஒவ்வொரு நிலையிலும் ‘டிக்’ என்று நிற்காது, பாதி திறந்தபடி நின்றால் கைக்குத் தெரியாது. நான் போட மாட்டேன்.

மாட்டியாயிற்று. எப்படிச் சோதிப்பது?

முதலில் மேசையில், வால்வு தனியாக. வாய்களை அடைத்து, ஒன்றில் ஒளி ஊடுருவும் குழாயை யூ வடிவில் வளைத்துச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி மாட்டுங்கள். வாயால் ஊதினாலோ கைப்பம்பாலோ இரு பக்க மட்டத்துக்கும் நடுவே 70 சென்டிமீட்டர் வித்தியாசம் வரட்டும், அது ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தம். கால் மணி நேரம் இறங்கக்கூடாது. ஒவ்வொரு நிலையிலும் செய்யுங்கள். அடுத்து அதையே திருப்பி, கை வாக்குவம் பம்பால் உறிஞ்சிப் பாருங்கள். அழுத்தத்தில் தாங்கிய ஓ-ரிங் உறிஞ்சலில் தோற்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் இரண்டும் வேண்டும்.

விமானத்தில் டேங்கோடு சேர்த்துச் சோதித்தால் கம்ப்ரஸரை நேராக மாட்டாதீர்கள். டேங்க் பலூன் போல உப்பிவிடும். வெயிலையும் கவனியுங்கள். மூடிய டேங்கில் வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலே தண்ணீர் மட்டம் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நகரும். மேகம் மறைத்ததும் ‘கசிவு’ தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

பிறகு கைப்பிடி சொல்வது உண்மையா என்று பாருங்கள். தண்டை 180 டிகிரி மாற்றி மாட்டுவது எளிது. கைப்பிடியின் கூர்முனை எது, வால் எது என்பதிலும் குழம்பலாம். இடது டேங்கில் மட்டும் ஐந்து லிட்டர் ஊற்றி, ‘இடது’ என்றால் வர வேண்டும், ‘வலது’ என்றால் வரக்கூடாது. பிறகு மாற்றிச் செய்யுங்கள்.

கடைசியாக ஓட்டத்தின் அளவு. முழு சக்தியில் இன்ஜின் மணிக்கு 40 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பில் இறங்கும் அமைப்பில் அதன் 150 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வர வேண்டும். பம்ப் அமைப்பில் 125 சதவீதம், நிமிடத்துக்குச் சுமார் 830 மில்லிலிட்டர். மூக்கை ஏறும் கோணத்துக்கு உயர்த்தி வைத்து, டேங்கில் குறைந்த பெட்ரோலோடு, ஒவ்வொரு டேங்குக்கும் தனித்தனியே அளவுக் குவளையில் பிடியுங்கள். தேய்த்த கூம்பின் துளை நேராக நிற்கவில்லை என்றால் இங்கேதான் தெரியும்.

முதல் பறப்பை எப்படித் திட்டமிடுவது?

தரையில் ஒவ்வொரு டேங்கிலும் பத்து நிமிடம், அதில் சிறிது நேரம் முழு சக்தியில். பிறகு கவுலை (இன்ஜின் மூடியை) திறந்து, விரிப்பைத் தூக்கி, பொடி காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பறக்கும்போது ஓடுதளத்துக்கு மேலேயே உயரம் ஏறி, அங்கே டேங்க் மாற்றுங்கள். புறப்படும் முன் கடைசி நிமிடத்தில் மாற்றாதீர்கள். இன்ஜின் எந்த டேங்கில் நன்றாக ஓடியதோ அதிலேயே புறப்படுங்கள். இறங்கிய பின் மறுபடி விரிப்பு.

ஓ-ரிங்கை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது?

தயாரிப்பாளர் காலம் சொல்லியிருந்தால் அதுதான். சொல்லாவிட்டால் ஆண்டுப் பரிசோதனையில் ஒவ்வொரு நிலையிலும் திருப்பிப் பாருங்கள். போன வருடத்தைவிட இறுக்கமாகவோ, சொரசொரப்பாகவோ, தளர்வாகவோ தோன்றினால் திறங்கள். ஒரே டேங்கில் மாதக்கணக்கில் ஓட்டுபவர்களின் வால்வு ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை சும்மாவாவது திருப்புங்கள்.

பதிவேட்டில் என்ன எழுதுவது? கழற்றிய பழைய வால்வை என்ன செய்வது?

தேதி, மணிக்கணக்கு, எங்கே கசிந்தது, எந்த ஓ-ரிங் எண், எந்த ரப்பர், ஓட்டச் சோதனையில் ஒவ்வொரு டேங்குக்கும் வந்த அளவு. யார் கையெழுத்திட வேண்டும் என்பது உங்கள் நாட்டு விதியைப் பொறுத்தது. கட்டியவருக்கே அந்த உரிமை இருக்கும் இடங்கள் உண்டு, இல்லாத இடங்களும் உண்டு. விரிசல் விட்ட வால்வைச் சுத்தியலால் ஒரு அடி அடித்துவிட்டு எறியுங்கள். என்னுடையதை நான் அடிக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்து நண்பர் ஒருவர் அதைத் துடைத்து, ‘இது நல்லா இருக்கே, நான் எடுத்துக்கட்டுமா?’ என்று கேட்டார்.